'அசல்' என்று போட்டிருப்பதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்

கொழும்பில் இப்போது நடக்கிற விண்வெளிப் படக் கண்காட்சிக்குப் போக யோசிக்கிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள். போஸ்டரில் "படங்களில் பயன்படுத்திய அசல் மாதிரிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதை நம்பி எனக்கும் அக்காவின் மகளுக்கும் ஆளுக்கு 3,500 ரூபாய் கொடுத்து, வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்துப் போனோம்.

பிள்ளை காத்திருந்தது ஒரே ஒரு சாமானுக்காக. 1977இல் வந்த 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் வந்திறங்கும் தாய்க்கப்பலின் மாதிரி. அதைச் செய்தவர்கள் அதன் மேல் குட்டியாக ஒரு ஆர்2-டி2 (ஸ்டார் வார்ஸ் படத்து ரோபோ), ஒரு தபால் பெட்டி, ஒரு மயானம்கூட ஒளித்து வைத்தார்கள் என்று எங்கோ பார்த்திருக்கிறாள். கண்ணாடியில் மூக்கு முட்ட, சுற்றிச் சுற்றித் தேடினாள். "சித்தி, ஒன்றையுமே காணேல்லை" என்றாள். நான் குனிந்து பார்த்தால், 3டி பிரிண்டரில் அடித்த வரி வரியான கோடுகள், அதற்கு மேல் வெள்ளிப் பெயின்ட், ஒரு மூலையில் அது வழிந்து காய்ந்தும் போயிருக்கிறது. அசல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்தது 'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடரில் வந்த எண்டர்பிரைஸ் விண்கப்பல். அசல் 11 அடி நீளம், 1974இலேயே ஸ்மித்சோனியனுக்குப் போய்விட்டது. இங்கே இருந்தது என் கை நீளம்கூட வராது. அசலின் இடது பக்கத்தை வேலை முடிக்காமல் விட்டிருப்பார்கள், விளக்குக்கான வயர்கள் அந்தப் பக்கத்தால்தான் போகும், கேமராவுக்குக் காட்டியது வலது பக்கத்தை மட்டும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே பளபளப்பு.

அங்கே நின்ற பெடியனிடம், "தம்பி, இது படத்தில் வந்ததா?" என்று கேட்டேன். "அதே மாதிரிதான் அக்கா" என்றார். சரி, அப்படியென்றால் காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்: காசு திருப்பித் தரப்படாது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை. போஸ்டர் அடித்தவர்களைத்தான் சொல்கிறேன்.

பிரதி வைப்பதில் எனக்குப் பிரச்சினையே இல்லை. நல்ல பிரதி என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஆசையாகப் போயிருப்பேன். விண்வெளிக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் வந்து குடியேறிய நாடு இது, 2008இல் அவரை அடக்கம் செய்ததும் இங்கே பொரளைக் கனத்தை மயானத்தில்தான். இதையெல்லாம் உயிராய் நினைக்கிற ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறோம். அந்த ஆசையை வைத்துக் காசு பறித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் டிக்கெட் எடுக்க முதல், எந்தெந்தச் சாமான், எந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அசல் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். ஏற்கெனவே போய்வந்தவர்கள் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். நான் போஸ்டரையும் டிக்கெட்டையும் படம் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.