கும்பிடுபூச்சி வளர்க்கும் வலைக்கூடு: வேட்டையைக் கிட்டத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

கும்பிடுபூச்சிக்கென்று விற்கிற கூடுகளில் பலவும் பூச்சியை உயிரோடு வைத்திருக்கத்தான் உதவும். அது வேட்டையாடுவதையும் பார்க்க வேண்டும் என்றால் இந்த உயரமான வலைக்கூடு நல்ல தேர்வு. மூன்று பக்கமும் மேற்கூரையும் மெல்லிய கறுப்புத் துணிவலை, முன்பக்கம் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகடு, அடியில் கழற்றிக் கழுவும் தட்டு. பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதை அடைக்க ஸ்பாஞ்ச். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் துளைதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உயரம். கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கியபடிதான் தோல் உரிக்கும். உடம்பின் நீளத்தைப்போல மூன்று மடங்கு உயரமாவது கூட்டுக்கு வேண்டும், இல்லாவிட்டால் பாதி உரித்த நிலையில் தரையில் இடித்துக் கால் கோணிவிடும். இந்தக் கூட்டில் அந்தக் கவலை இல்லை. கூரையும் வலையாக இருப்பதால் நன்றாகப் பிடித்துத் தொங்குகிறது.

இனி வேட்டை. ஈ ஒன்று அக்ரிலிக் தகட்டில் வந்து உட்காரும். பூச்சி தலையை மட்டும் அதன் பக்கம் திருப்பும். அப்புறம் உடம்பை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். காற்றில் இலை அசைகிற மாதிரி தெரிந்தாலும், தூரத்தை அளக்கிற வேலை அது. கண்ணை நகர்த்தினால் கிட்டத்தில் உள்ள பொருள் அதிகமாக நகர்வதுபோலத் தெரியும், தூரத்தில் உள்ளது குறைவாக நகரும். ஈ அசையாமல் இருக்கும்வரை பூச்சியும் பேசாமல் இருக்கும். ஈ முன்னங்கால்களைத் தேய்க்கத் தொடங்கிய கணத்தில் பூச்சியின் இரண்டு கைகளும் பாய்ந்து மடங்கிவிடும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. முள்வரிசைக்கு நடுவில் ஈ மாட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் பாய்ந்ததே நமக்கு உறைக்கும். தகடு தெளிவாக இருப்பதால் முள்ளையும் வாயின் அசைவையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

அசைந்ததும் பாய்வதற்குப் பின்னால் ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. கும்பிடுபூச்சி இரண்டு கண்களையும் சேர்த்து ஆழத்தை அறிகிறது என்பதை 1983-இல் சாமுவேல் ரோசல் முப்பட்டகங்களைக் கொண்டு காட்டினார். 2016-இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெனி ரீட், விவேக் நித்யானந்தா குழுவினர் பூச்சிக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டி, திரையில் படம் காட்டினார்கள். திரையில் ஓடிய போலி இரை எட்டும் தூரத்தில் மிதப்பதுபோலத் தெரிந்தபோது அதன்மேல் பாய்ந்தது. 2018-இல் அதே குழு, இரண்டு கண்களிலும் விழுகிற உருவங்கள் ஒத்துப்போகின்றனவா என்று அது பார்ப்பதில்லை, எந்த இடத்தில் மாற்றம் நடக்கிறது என்றுதான் பார்க்கிறது என்று கண்டுபிடித்தது. செத்த ஈயைப் போட்டால் இது திரும்பிக்கூடப் பார்க்காததில் வியப்பில்லை.

சரி, துளைக்கு வருகிறேன். முன்பக்க ஜிப்பைத் திறந்து இரை போட்டால், நாளடைவில் ஜிப் சத்தம் கேட்டதும் பூச்சி அந்தப் பக்கம் திரும்புவதாகத் தோன்றும். உடனே "பழகிவிட்டது" என்று சொல்லிவிடலாம். ஆனால் கை அசைவதைப் பார்த்தும் திரும்பியிருக்கலாமே? இரை இல்லாமலும் சில நேரம் ஜிப்பைத் திறக்க வேண்டும், ஜிப்பைத் தொடாமல் துளை வழியாகவும் இரை விட வேண்டும். அப்போதுதான் எது எதற்கு என்று பிரிக்க முடியும். மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரி என்ற பூச்சிப்புழுவை வைத்து கேரன் ஹாலிஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மணல் உதிரும் அதிர்வைக் கொடுத்த கையோடு இரை, இன்னொரு கூட்டத்துக்கு அதிர்வும் இரையும் தொடர்பில்லாமல். அதிர்வை இரையோடு சேர்த்துக் கற்றுக்கொண்டவை இரையை நன்றாக உறிஞ்சி, புழுப் பருவத்தைச் சீக்கிரம் முடித்தன. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பூச்சிக்கும் கற்பதால் இவ்வளவு லாபம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வேண்டாததைக் கற்பதையும் இதே துளையால் சோதிக்கலாம். நாற்றப்பூச்சி ஒன்றைப் பிடித்துக் கடித்த என் கும்பிடுபூச்சி உடனே கீழே போட்டுவிட்டு, முன்னங்கால்களை வெகுநேரம் வாயால் சுத்தம் செய்தது. அடுத்த முறை அதே வகைப் பூச்சியைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்ததோடு சரி. பசி இல்லையோ என்று துளை வழியாக ஓர் ஈயை விட்டேன், பாய்ந்து பிடித்தது. 1984-இல் மே பெரன்பாம், யூஜீன் மிலிக்ஸ்கி இருவரும் எருக்கு இனத்துச் செடியின் விதை தின்ற நச்சுப் பூச்சிகளைக் கும்பிடுபூச்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றைத் தின்று அவதிப்பட்டவை, சூரியகாந்தி விதை தின்று வளர்ந்த, நஞ்சே இல்லாத அதே பூச்சியையும் ஒதுக்கின. நிறத்தையும் தோற்றத்தையும் வைத்தே ஒதுக்கக் கற்றிருந்தன.

குறைகளும் உண்டு. ஜிப் முடிகிற மூலையில் ஓர் இடைவெளி இருக்கிறது, பழ ஈ தாராளமாக வெளியே போகும். ஆகவே முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சுகளுக்கு இது உதவாது, அவற்றுக்கு வாயில் துணி கட்டிய சின்ன ஜாடி போதும். அக்ரிலிக்கில் தண்ணீர் தெளித்தால் கறை படிகிறது, அழுத்தித் துடைத்தால் கீறல் விழுகிறது. வலையில் மட்டும் தெளியுங்கள், அங்கிருந்தே துளியைக் குடிக்கும்.

கூட்டோடு வருகிற குறிப்புத்தாளில் இரைக்கான சில்வண்டுகளை (சுவர்க்கோழிகளை) உள்ளேயே விட்டு வைக்கலாம் என்று இருக்கிறது. அது தவறு, திருத்தியே ஆக வேண்டும். தோல் உரிக்கிற நேரத்தில் கும்பிடுபூச்சியால் நகரவே முடியாது, சில்வண்டு அதைக் கடித்துத் தின்றுவிடும். இரையைத் தொடாமல் கூரையில் அசையாமல் தொங்கினால் உரிக்கப் போகிறது என்று பொருள், உள்ளே உள்ள இரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கூடு பெரிதாக இருக்கிறதே என்று இரண்டு கும்பிடுபூச்சிகளைச் சேர்த்தும் விடாதீர்கள், ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.