ரிஷிகேஷ் ராஃப்டிங்: சிவ்புரிக்கு முன்னால் தேவப்பிரயாகை பார்த்துவிடுங்கள்

சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர் ராஃப்டிங். ஐந்துக்கு நாலு ஸ்டார் தருவேன், அதில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான், கூட்டிப்போனவர்களுக்கு இல்லை. லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் உருப்படியாக இருந்தன, கைடும் கெட்டிக்காரர், துடுப்பை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கரையிலேயே பழக்கிவிட்டார். ஆனால் வீடியோவுக்குத் தனிக் காசு என்பதைப் படகில் ஏறிய பிறகா சொல்வது?

ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ் என்று, ஆறு பொங்கிப் பாயும் இடங்களான ரேபிட்ஸுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் (கங்கைக்கு வந்த சோதனை!). தண்ணீர் ஏன் அங்கே மட்டும் பொங்குகிறது என்று கேட்டால் "பாறை சார்" என்பதோடு சரி. மழைக்காலத்தில் பக்கத்து ஓடைகள் உருட்டிவரும் பாறைகள் ஆற்றில் சேரும் இடத்திலேயே குவிந்துவிடுகின்றன, வழி குறுகுவதால் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்கிறது, அதைத் தாண்டியதும் ஆழமாக அமைதியாகிவிடுகிறது. நம்மைக் குதித்து மிதக்கச் சொல்வது அந்த அமைதியான இடங்களில்தான்.

படகில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை, அதனால் ஆற்றைப் புரிந்துகொள்ள முதல் நாளே ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மேலே தேவப்பிரயாகைக்குப் போய்விடுங்கள், அது திவ்ய தேசமும்கூட, நம்மவர்கள் கண்டமென்னும் கடிநகர் என்று சொல்வது இந்த ஊரைத்தான். கோமுகம் என்ற பனியாற்று முனையில் கிளம்பி, 260 மீட்டர் உயர டெஹ்ரி அணையில் தேங்கி வரும் பாகீரதியும், சதோபந்த் பக்கத்துப் பனியாறுகளில் பிறந்து வழியில் தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டார், மந்தாகினி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் அலக்நந்தாவும் படித்துறைக்குக் கீழே கலக்கின்றன, பல மாதங்களில் நிறம் தனித்தனியாகவே தெரியும். தண்ணீர் அதிகம் கொண்டுவருவது அலக்நந்தா, ஆனால் கங்கையின் மூலம் என்ற பெருமை பாகீரதிக்கு! கங்கை என்ற பெயரே இங்கிருந்துதான் ஆரம்பம். இதைப் பார்த்துவிட்டுப் படகில் உட்கார்ந்தால், மே மாத வெயிலிலும் மேலே தெறிக்கும் தண்ணீர் ஏன் அப்படிக் குளிர்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பயப்படுகிறவர்களுக்கு பிரம்மபுரியிலிருந்து 9 கிலோமீட்டர் போதும். துணிச்சல்காரர்கள் கௌடியாலாவிலிருந்து வரலாம், தி வால் என்ற முரட்டு ரேபிட் அந்த வழியில்தான். ஜூலை, ஆகஸ்டில் வெள்ளத்துக்காக ராஃப்டிங்கையே நிறுத்திவிடுவார்கள். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், ஆற்றில் படகு நெரிசல், ரோட்டில் கார் நெரிசல். வார் வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணச் செருப்பு முதல் ரேபிட்ஸிலேயே ஹரித்வாருக்குப் போய்விடும்.