சிங்கப்பூர்ல நண்டு சாப்பிடப் போறீங்களா? முதல்ல எடையக் கேளுங்க

காலேஜ் முடிச்சு 14 வருஷம் கழிச்சு நாங்க நாலு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்தது சிங்கப்பூர்ல, போன மாசம் ஒரு சனிக்கிழமை. ரெண்டு பேர் சென்னையிலிருந்து, ஒருத்தன் மெல்பர்ன்லேருந்து. நாலாவது ஆள் சிங்கப்பூர்லயே, ஜூரோங் பகுதிவாசி. ஊர் விவரம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். ஷிஃப்ட் முடிச்சு அவன் வந்து சேர மணி ஒன்பது ஆயிடுச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

ஆற்றங்கரையில வரிசையா கடைங்க. ஒரு கடை வாசல்ல மெனு அட்டையோட நின்னவர், "பாஸ், இந்தியாவா? வாங்க வாங்க, பீர் ப்ரமோஷன்"னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிட்டார். வாசல்ல ஆள் நின்னு கூப்பிடற ஹோட்டலுக்கு நம்ம ஊர்லயே போக மாட்டேன். அன்னிக்கு என்னமோ போயிட்டோம்.

மெனுல சில்லி கிராப் படத்துக்குக் கீழ விலை இல்ல, 'சீசனல் பிரைஸ்'னு மட்டும் இருந்தது. கேட்டேன். "இலெவன் எய்ட்டி, சீப் லா." அது 100 கிராமுக்கு 11.80 டாலர்னு அவர் சொல்லல, எதுக்கு 11.80னு நாங்களும் கேட்கல. இத்தனை வருஷம் கழிச்சு பசங்க முன்னாடி விலை பேசக் கூச்சமா இருந்ததுங்கறதுதான் நிஜம். "ரெண்டு நண்டு சொல்லுடா, பாத்துக்கலாம்"னு மெல்பர்ன்காரன் சொல்லிட்டான். உயிரோட கொண்டுவந்து காட்டவும் இல்ல, நம்ம கண் முன்னாடி தராசுல வைக்கவும் இல்ல.

ருசியில குறை சொல்ல மாட்டேன். முட்டை கலந்த அந்தச் சிவப்புக் குழம்புல பொரிச்ச மான்டோ பன்னைத் தோய்ச்சு சாப்பிட்டா வேற எதுவும் ஞாபகம் வராது. வார்டன் கதை, அரியர் கதைனு ஓடிட்டிருந்தது. லேட்டா வந்தவன் உட்கார்ந்ததும் தட்டுல கிடந்த நண்டு ஓடுகளைப் பார்த்துட்டு கேட்டான்: "எத்தன கிலோ சொன்னான்?" எங்க யாருக்கும் தெரியல. அவன் கொடுக்குகளை ஓரமா எடுத்து வச்சு எண்ணினான். ரெண்டு நண்டுக்கு நாலு இருக்கணும். மூணுதான் இருந்தது.

பில் வந்தது. நண்டு 2.3 கிலோ, 271.40. பெரிய பாட்டில் பீர் ஆறு, 96. கங்குங் கீரை 16, ஃப்ரைட் ரைஸ் 18, பன் எட்டு 9.60. நாங்க கேட்காமலே மேஜைக்கு வந்த வேர்க்கடலைக்கு 5, வெட் டிஷ்யூ நாலுக்கு 2. மொத்தம் 418. மெனுல விலைக்குப் பக்கத்துல குட்டியா ரெண்டு கூட்டல் குறி இருந்தா சர்வீஸ் சார்ஜும் வரியும் தனின்னு அர்த்தம். 10 சதவீதம் சர்வீஸ், அதுக்கும் சேர்த்து 9 சதவீத ஜிஎஸ்டி. ஆக 501.18 டாலர். கடலையும் டிஷ்யூவும் வேணாம்னா வந்த உடனே திருப்பி அனுப்பிடலாமாம், பில்லுல வராது. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

கொடுக்கைப் பத்திக் கேட்டோம். "சம்டைம்ஸ் கிராப் ஃபைட், டிராப் லா"ன்னார். நண்டுங்க தங்களுக்குள்ள சண்டை போட்டுக்குச்சாம்!

இதோட போகல. என் கார்டை மெஷின்ல வச்சவர், டாலரா ரூபாயானு அது கேட்டதை எனக்குக் காட்டாமலே ரூபாயை அமுக்கிட்டார். ரூபாய்னா மாத்துற ரேட்டை நம்ம பேங்க் வைக்காது, மெஷின் தரப்பு அது இஷ்டத்துக்கு வைக்கும். எனக்கு ஆயிரத்து சொச்சம் ரூபாய் கூடுதல் தண்டம். மெஷினை உங்க கையில வாங்கி, டாலரை நீங்களே அமுக்குங்க.

ரூமுக்குத் திரும்பற வழியில ஜூரோங்காரன் ஒரு பழைய கதை சொன்னான். 2009ல நியூட்டன் உணவங்காடியில அமெரிக்க சுற்றுலாப் பயணிங்க கிட்ட ஒரு சாப்பாட்டுக்கு 491 டாலர் வாங்கிட்டாங்க, அதுல எட்டு இறாலுக்கு மட்டும் 239. பேப்பர்ல வந்து, அந்தக் கடையை அரசாங்கமே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது. "அவங்களைவிட 10 டாலர் கூட குடுத்திருக்கோம்டா"னு சிரிக்கறான் பாவி.

அவனே பயனீட்டாளர் சங்கத்துக்கு, அதான் நுகர்வோர் சங்கத்துக்கு, புகார் எழுதியிருக்கான். கடைக்கும் தனியா ஒரு மெயில்: நண்டை எடை போட்ட சீட்டு வேணும்னு. மூணு வாரம் ஆச்சு, பதில் இல்ல. எங்க வாட்ஸ்அப் குரூப் பேரு மட்டும் 'மூணு கொடுக்கு'ன்னு மாறியிருக்கு.