கோவையில் ஓய்வுக்கால வீடு: மலையடிவாரமா, வடவள்ளியா?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காகவே கோவையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விளம்பரத்தில் மலை தெரிகிறது என்று மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் அவசரப்படாதீர்கள். அங்கே யானை நடமாட்டம் உண்டு. ராத்திரியில் ஆஸ்பத்திரி தூரம். கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழும (HACA, மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) எல்லைக்குள் இருந்தால் அதன் அனுமதி நகல் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. பஸ் வசதிக்குப் புறநகர் வடவள்ளியே மேல்.

வீட்டு விலையைவிட மாதச் செலவுதான் கடிக்கும். பராமரிப்புக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18% ஜிஎஸ்டி சேரலாம், மெஸ் சாப்பாட்டுச் செலவு தனி. குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்து பாருங்கள்: 75 செ.மீ. என்றால் சக்கர நாற்காலி திணறும், 90 வேண்டும். பத்திரத்தில் பிரிபடாத பாகம் (மொத்த நிலத்தில் உங்கள் பங்கு) எவ்வளவு, வாரிசு விற்கும்போது வாங்குபவருக்கு வயது நிபந்தனை உண்டா என்பதையும் வக்கீலிடம் காட்டிப் பாருங்கள்.