பூட்டு எங்கே இருக்கிறது? வெரைசன், ஏடி அண்ட் டி, அன்லாக் கைபேசி: ஓர் ஒப்பீட்டு அலசல்

2006ஆம் ஆண்டில் நோக்கியா ஈ61 என்ற கைபேசியை ஐரோப்பாவில் வாங்கியவருக்கு வைஃபை கிடைத்தது, 3ஜியும் கிடைத்தது. அதே உடலும் அதே விசைப்பலகையும் கொண்ட அந்தக் கருவி ஈ62 என்ற பெயரில் அமெரிக்காவின் சிங்குலர் நிறுவனக் கடைகளுக்கு வந்தபோது, இரண்டுமே அதில் இல்லை. வைஃபை இருந்தால் வாடிக்கையாளர் வீட்டிலும் அலுவலகத்திலும் காசில்லாமல் இணையத்தில் உலவுவார். அது இல்லையென்றால் ஒவ்வொரு கிலோபைட்டும் நிறுவனத்தின் வலையமைப்பு வழியாகத்தான் வந்தாக வேண்டும். உற்பத்தியாளர் தந்த வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனம் பறித்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம் ஊரில் கைபேசியை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்கிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்காவில் கைபேசியை விற்பவரும் இணைப்பு தருபவரும் நெடுங்காலம் ஒருவராகவே இருந்ததால், கருவிக்குள் எது இயங்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காத 'சிம் லாக்' பற்றித்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அது இதில் ஒரு பகுதி மட்டுமே. சிம் லாக் உங்களை ஒரு நிறுவனத்தோடு கட்டிப்போடுகிறது. வசதிப் பூட்டோ, அந்த நிறுவனத்துக்கு மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டும்போதே உங்கள் பொருளை உங்களுக்குக் குறைத்துத் தருகிறது. வெரைசன், ஏடி அண்ட் டி ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் இந்த இரண்டாவது வகையைக் கையாண்ட விதத்தையும், அவற்றுக்கு மாற்றாகச் சொல்லப்படும், எந்த நிறுவனத்தோடும் பூட்டப்படாத அன்லாக் கைபேசியையும் மூன்று கேள்விகளால் எடைபோடலாம்: பூட்டு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க என்ன செலவாகிறது, முறையிட்டால் கேட்பதற்கு யாராவது உண்டா?

வெரைசனின் வழி கருவியிலேயே கைவைப்பது. 2004இல் அது விற்ற மோட்டோரோலா வி710, அந்த நிறுவனத்தின் முதல் புளூடூத் கைபேசி. காதில் மாட்டும் ஹெட்செட்டோடு அது இணைந்தது. ஆனால் புளூடூத் வழியாகக் கோப்புகளை அனுப்பும் வசதி முடக்கப்பட்டிருந்தது. அந்தக் கேமரா கைபேசியில் எடுத்த படத்தைக் கம்பியில்லாமல் பக்கத்து மேசையிலுள்ள கணினிக்கு அனுப்ப விரும்பியவர், அதைக் கட்டணப் படச் செய்தியாக வெரைசனின் வலையமைப்பைச் சுற்றவிட வேண்டியிருந்தது. அல்லது நகக்கண் அளவிலான நினைவக அட்டையைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. புளூடூத் இருக்கிறது என்று பெட்டியில் படித்து வாங்கிய வாடிக்கையாளர்கள் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள்; அது சமரசத்தில் முடிந்தது. 2007இல் வந்த பிளாக்பெர்ரி 8830இலும் இதே கதைதான். ஜிபிஎஸ் வன்பொருள் உள்ளே இருந்தது. வெரைசன் விற்ற கருவியில் அது உறங்கிக் கிடந்தது. வழிகாட்டும் சேவைக்கென்று மாதம் 9.99 டாலர் வாங்கும் விஇஸட் நேவிகேட்டரை வெரைசன் அப்போது விற்றுக்கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் உறக்கத்தின் காரணம் விளங்கும். 2008 நவம்பரில் ஐபோனுக்குப் போட்டியாக ஆரவாரத்தோடு வந்த பிளாக்பெர்ரி ஸ்டார்மில் வைஃபை அடியோடு இல்லை. அடுத்த ஆண்டின் ஸ்டார்ம் 2இல்தான் அது வந்து சேர்ந்தது.

இந்தப் போக்குக்குக் கடிவாளம் வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விடத் தயாரான அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் எஃப்சிசி, 'சி பிளாக்' எனப்படும் பகுதியை எடுப்பவர் எந்தக் கருவியையும் எந்தச் செயலியையும் தடுக்கக் கூடாது, தன் வாடிக்கையாளர்களுக்குத் தரும் கைபேசிகளில் வசதிகளை முடக்கவும் கூடாது என்று 2007இல் நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையை எதிர்த்து வெரைசன் நீதிமன்றம் சென்றது. பிறகு வழக்கைத் தானே கைவிட்டு, 2008 ஏலத்தில் அதே சி பிளாக்கின் பெரும்பகுதியை ஏறத்தாழ 4.7 பில்லியன் டாலருக்கு எடுத்துத் தன் 4ஜி சேவையை அதன் மேல் கட்டியது. விதியை எதிர்த்தவரே விலைகொடுத்து விதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அதன் பலன் சில ஆண்டுகளில் தெரிந்தது. கைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிரும் டெதரிங் வசதிக்கு வெரைசன் மாதம் 20 டாலர் கூடுதலாக வாங்கிவந்தது. அந்தக் கட்டணம் இல்லாமல் டெதரிங் செய்ய உதவிய செயலிகளைத் தன் வாடிக்கையாளர்களின் கண்ணில் படாமல் மறைக்கும்படி கூகுளின் செயலிச் சந்தையைக் கேட்டுக்கொண்டது. 2011இல் ஃப்ரீ பிரஸ் என்ற அமைப்பு இதை எஃப்சிசியிடம் புகாராகக் கொண்டுபோனது. 2012 ஜூலை இறுதியில் வெரைசன் 12.5 லட்சம் டாலர் செலுத்தவும், செயலிகளின் மீதான தடையை விலக்கவும் ஒப்புக்கொண்டது. அந்த நிறுவனத்தின் கணக்கில் அத்தொகை கடலில் கரைத்த பெருங்காயம்; ஆனாலும் எழுத்தில் ஒரு விதி இருந்ததால்தான் பூட்டைத் திறக்க வைக்க முடிந்தது.

விதி இருந்தும் பிடி கொடுக்காமல் நழுவிய சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. 2011 டிசம்பரில் வெரைசனுக்கு வந்த கேலக்ஸி நெக்ஸஸில் பணம் செலுத்துவதற்கான என்எஃப்சி சில்லு இருந்தது. அதைக் கொண்டு பணம் செலுத்த உதவும் கூகுளின் செயலியான கூகுள் வாலட் மட்டும் இல்லை. அது கருவியின் பாதுகாப்பு உறுப்பை, அதாவது கட்டண விவரங்களைப் பத்திரமாக வைக்கும் வன்பொருளைத் தொடும் செயலி என்பதால் தனி ஏற்பாடு வேண்டும் என்று வெரைசன் விளக்கியது. வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூன்றும் கூடி ஐசிஸ் என்ற பெயரில் சொந்தமாக ஒரு பணப்பையைத் தயாரித்துக்கொண்டிருந்த வேளை அது. அந்தப் பணப்பை தாமதமாக வந்து, தீவிரவாத அமைப்பின் பெயரோடு குழம்பியதால் 2014இல் சாஃப்ட்கார்டு என்று பெயர் மாற்றி, மறு ஆண்டே தன் தொழில்நுட்பத்தைக் கூகுளிடமே விற்றுவிட்டு மறைந்தது.

இனி ஏடி அண்ட் டி. சிங்குலரின் வாரிசான இந்நிறுவனம் 2007இல் ஐபோனை விற்கத் தொடங்கியபோது, ஆப்பிள் யாரையும் தன் கருவியின் உட்புறத்தைத் தொட விடவில்லை. ஆகவே பூட்டு கருவியிலிருந்து கட்டணத் திட்டத்துக்கு இடம் மாறியது. 2009 ஜூனில் ஐபோனின் மூன்றாம் மென்பொருள் பதிப்பு படச் செய்தியையும் டெதரிங்கையும் கொண்டுவந்தபோது பல நாடுகளின் நிறுவனங்கள் இரண்டையும் திறந்துவிட்டன. ஐபோனின் சொந்த நாட்டில் படச் செய்திக்குச் செப்டம்பர் வரையிலும் டெதரிங்குக்கு 2010 ஜூன் வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. வந்த டெதரிங் வந்த விதம்தான் வேடிக்கை. மாதம் 25 டாலருக்கு 2 ஜிபி தரும் திட்டத்தின் மேல் இன்னொரு 20 டாலர் கட்ட வேண்டும். அதற்காகக் கூடுதலாக ஒரு மெகாபைட் கூடக் கிடையாது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அதே 2 ஜிபியைக் கைபேசியின் திரையில் பார்க்காமல் மடிக்கணினியின் திரையில் பார்ப்பதற்கு 20 டாலர்! இதைத் தவிர்க்க, ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைத்து ஜெயில்பிரேக் செய்த கருவிகளில் தனிச் செயலிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு, 'நீங்கள் டெதரிங் செய்வதாகத் தெரிகிறது. நிறுத்தாவிட்டால் அதற்கான திட்டத்துக்கு மாற்றிவிடுவோம்' என்ற பொருளில் 2011 மார்ச்சில் செய்திகள் வந்தன.

ஆண்ட்ராய்டில் ஆப்பிளைப் போன்ற காவலர் இல்லாததால், ஏடி அண்ட் டி அங்கே வெரைசனின் பாணிக்கே திரும்பியது. 2010இல் அது விற்ற மோட்டோரோலா பேக்ஃபிளிப், எச்டிசி ஏரியா போன்ற கருவிகளின் அமைப்புகள் பகுதியைத் திறந்தால், கூகுளின் சந்தைக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவ அனுமதிக்கும் 'அறியாத மூலங்கள்' என்ற வரியே அங்கே இருக்காது. தேர்வுக் கட்டம் மங்கலாக்கப்பட்டிருக்கவில்லை, வரியே துடைக்கப்பட்டிருந்தது. விவரம் தெரிந்தவர்கள் கேபிளைக் கணினியில் செருகிக் கட்டளை வரி வழியாக நிறுவிக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று நிறுவனம் சொல்லிவந்தது. 2011 மார்ச்சில் அமேசான் தன் செயலிக் கடையைத் திறந்து, அதை நிறுவ அந்த வரி கட்டாயமானபின், மே மாதத்தில் வந்த சாம்சங் இன்ஃப்யூஸிலிருந்து அது திரும்பி வந்தது. ஆபத்து மூன்று மாதங்களுக்குள் நீங்கிவிட்டது போலும்.

எனினும், ஏடி அண்ட் டியின் முறையை முழுமையாகக் காட்டுவது 2012இன் ஃபேஸ்டைம் விவகாரம். வைஃபையில் மட்டும் இயங்கிவந்த அந்தக் காணொளி அழைப்பை ஐஓஎஸ் 6 மொபைல் டேட்டாவிலும் அனுமதித்தது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பைப் போட்டுப் பார்த்த ஏடி அண்ட் டி வாடிக்கையாளர் அதற்கான பொத்தானைத் தட்டியபோது, 'இதை இயக்க 611 எண்ணில் ஏடி அண்ட் டியைத் தொடர்புகொள்ளுங்கள்' என்ற பெட்டி எழுந்தது. அப்பெட்டியின் பொருளை நிறுவனம் ஆகஸ்டில் விளக்கியது: புதிய மொபைல் ஷேர் திட்டத்துக்கு மாறியவர்களுக்கே இந்த வசதி, பழைய திட்டத்தில் இருப்பவர்கள், வரம்பற்ற டேட்டாவுக்குப் பணம் கட்டுபவர்களே ஆனாலும், வைஃபையைத் தேடிப் போகட்டும். வெரைசனும், மற்றொரு தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்பிரிண்டும் அப்படி ஒரு தடையும் வைக்கவில்லை.

இதற்கு ஏடி அண்ட் டி முன்வைத்த வாதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் தரவிறக்கும் செயலிகளைத் தடுக்கக் கூடாது என்றுதான் எஃப்சிசியின் 2010 இணைய விதிகள் சொல்கின்றன. ஃபேஸ்டைம் கருவியோடு சேர்ந்தே வரும் உள்ளமைந்த செயலி. உள்ளமைந்தவற்றைப் பற்றி விதி ஏதும் பேசவில்லை. ஆகவே எங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஸ்கைப்பைத் தடுத்தால் குற்றம், ஃபேஸ்டைமைத் தடுத்தால் வணிக முடிவு என்பதே இதன் சாரம். கருவியோடு பிறந்த வசதிக்கு, பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட வசதியைவிடக் குறைந்த பாதுகாப்பு! பொதுநல அமைப்புகள் முறையான புகார் கொடுக்கப்போவதாக அறிவித்தபின், நவம்பரில் எல்டிஇ (4ஜி) கருவியும் டேட்டாவுக்கு மாத அளவு வகுத்த திட்டமும் வைத்திருந்தோருக்குத் தடை தளர்ந்தது. மற்றவர்களுக்கு 2013இல் படிப்படியாகத் திறந்தது.

இரண்டையும் அருகருகே வைத்தால், முரட்டுப் பூட்டு வெரைசனுடையது, நயமான பூட்டு ஏடி அண்ட் டியுடையது. வாங்குபவர் பக்கம் நின்று பார்க்கும்போது நயமானதே எனக்கு அதிக ஆபத்தாகத் தெரிகிறது. முடக்கிய புளூடூத்தைச் சான்றாக மேசைமேல் வைத்து வழக்காடலாம். 'அந்த வசதி இருக்கிறது, ஆனால் உங்கள் திட்டத்தில் இல்லை' என்று பதில் வரும்போது கையில் காட்டுவதற்கு எதுவும் இருப்பதில்லை. வெரைசனைப் பிடிக்க ஓர் அலைக்கற்றை நிபந்தனை இருந்தது. சி பிளாக்கின் அந்த நிபந்தனை ஏடி அண்ட் டியைக் கட்டுப்படுத்தவில்லை. ஸ்பிரிண்டும் டி-மொபைலும் இவ்விரண்டையும்விடத் தாராளமாக நடந்துகொண்டன என்பது மெய். வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

மூன்றாவது வழி, கைபேசியை முழு விலைக்கு அன்லாக் நிலையில் வாங்குவது. மேலே சொன்னவற்றில் கருவிக்குள்ளேயே வைக்கும் பூட்டு முழுவதுமே இதனால் ஒழிகிறது. துடைக்கப்பட்ட வரிகளோ, கேட்காமலே திணிக்கப்பட்ட செயலிகளோ இதில் இருப்பதில்லை. கருவியைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடரைத் திறந்து வேறு இயங்குதளம் போடும் பழக்கமுள்ளவருக்கு இந்த வேறுபாடு இன்னும் பெரிது: கூகுள் தானே விற்கும் பிக்சலில் அது முடியும், வெரைசன் விற்கும் அதே பிக்சலில் முடியாது. நிறுவனத்திடம் வாங்கிய கருவியின் சிம் லாக்கைப் பின்னர் அனுமதியின்றித் திறப்பது 2013 ஜனவரியில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றமாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பித்து, 2014 ஆகஸ்டில் தனிச் சட்டத்தால் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருப்பினும் தவணை முடியும்முன் பூட்டைத் திறந்து தர அந்தச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் உறவினர் தவணையில் எடுத்த கைபேசியோடு சென்னை வந்து, உள்ளூர் சிம்மைச் செருகியதும் 'சிம் செல்லாது' என்ற அறிவிப்பைப் பார்த்து, விடுமுறை மூன்று வாரமும் அதை வெறும் கேமராவாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து கைபேசி வரவழைக்கும் நம்மவர்கள் விலைக்கு முன் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் அன்லாக் கைபேசியும் வலையமைப்பின் வாசல்வரைதான் சுதந்திரமானது. 2013இல் எல்டிஇ வசதியுள்ள நெக்ஸஸ் 7 டேப்லெட்டைக் கூகுளிடம் நேரடியாக வாங்கியவர்களுக்கு, சான்றளிப்பு முடியவில்லை என்று வெரைசன் மாதக்கணக்கில் இணைப்பு தர மறுத்து, 2014 பிப்ரவரியில்தான் ஏற்றுக்கொண்டது. ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை நிறுத்தியபோது இதே காட்சி பெரிய அளவில் அரங்கேறியது. குரல் அழைப்பு இனி 4ஜி வலையமைப்பிலேயே குரலை அனுப்பும் வோல்டிஇ வழியாக மட்டுமே என்றான பிறகு, எந்தெந்த மாடல்களுக்கு அதைத் திறப்பது என்று அந்நிறுவனம் ஒரு பட்டியல் வைத்தது. வோல்டிஇ வசதியைத் தன்னுள் கொண்டிருந்தும் பட்டியலில் இடம்பெறாத வெளிநாட்டு மாடல்கள் ஒதுக்கப்பட்டன. கருவியில் வசதி உண்டு, திட்டத்திலும் உண்டு, வாசலில் பெயர் இல்லை. இது முந்தைய இரண்டையும்விட இறுக்கமான பூட்டு. கருவியைத் திறந்தோ கூடுதல் பணம் கட்டியோ இதை மீற முடியாது.

எனவே என் தேர்வு நிபந்தனையோடு கூடியது. ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறவர், வெளிநாட்டுப் பயணம் இல்லாதவர், ஹாட்ஸ்பாட்டும் சேர்ந்த திட்டத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டுபவர் தவணைச் சலுகையை மறுக்கக் காரணமில்லை. அவரைத் தொடும் பூட்டுகளில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன. மற்றவர்கள் அன்லாக் கருவியையே வாங்கட்டும், அதுவும் அமெரிக்கச் சந்தைக்கென்றே வெளியான மாடலை. பணம் கொடுப்பதற்கு முன், *#06# என்று தட்டி வரும் ஐஎம்இஐ எண்ணை (கருவியின் தனி அடையாள எண்), எந்த நிறுவனத்தில் சேரப் போகிறோமோ அதன் இணையதளத்திலுள்ள சரிபார்ப்புப் பெட்டியில் இட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. கடைக்காரர் முன்னாலேயே செய்துவிடலாம்.