டிராம் கட்டுரைகளுக்கு எந்த அளவுகோல்? விக்கிப்பீடியாவின் தர மதிப்பீடும் முக்கியத்துவ மதிப்பீடும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு டிராம் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு (எழுதுகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கலந்து பேசும் பக்கம்) போனால், மேலே ஒரு வார்ப்புருப் பெட்டி தெரியும். அதில் பெரும்பாலும் இரண்டு மதிப்பீடுகள் இருக்கும். கட்டுரை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, அதன் பொருள் எவ்வளவு முக்கியம் என்பது இன்னொன்று. வாசிக்க வருகிறவர்கள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பது அரிது. எழுதுகிறவர்களுக்கோ அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று காட்டும் பலகை அது.

தரத்தை அளக்க ஒவ்வொரு மொழி விக்கியும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. முக்கியத்துவத்தை அளக்கவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் டிராம் கட்டுரைகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தால் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

ஆங்கிலத்தின் ஏழு படிகள்

குறுங்கட்டுரை, தொடக்கநிலை, சி, பி, நல்ல கட்டுரை, ஏ, சிறப்புக் கட்டுரை. இதுதான் ஆங்கில விக்கியின் ஏணி. 'சி' என்ற படி 2008-ல்தான் இடையில் சேர்ந்தது. பி வரை எந்தப் பயனரும் மதிப்பிட்டுவிடலாம். நல்ல கட்டுரைக்கு, அதை எழுதாத ஒருவர் உட்கார்ந்து முழுதாக ஆய்வு செய்ய வேண்டும். சிறப்புக் கட்டுரைக்குப் பலர் கூடி வரிவரியாக விவாதிப்பார்கள். ஏ படியை ஒழுங்காகப் பயன்படுத்துவது பெரும்பாலும் படை வரலாற்று விக்கித்திட்டம்தான் (விக்கித்திட்டம் என்றால் ஒரு துறையின் கட்டுரைகளைச் சேர்ந்து கவனிக்கும் பயனர் குழு). டிராம் விஷயத்தில் அதை மறந்துவிடலாம்.

இந்த ஏணியில் எனக்கு மிகவும் பிடித்தது பி படி. அதற்கு ஆறு கேள்விகள் இருக்கின்றன. சான்றுகள் உண்டா? பொருள் போதுமான அளவு சொல்லப்பட்டிருக்கிறதா? அமைப்பு சீராக இருக்கிறதா? மொழி பிழையில்லாமல் இருக்கிறதா? படம், வரைபடம், தகவற்பெட்டி உண்டா? துறை தெரியாதவருக்கும் புரிகிறதா? ஆறையும் ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் கட்டுரையின் ஓட்டை தெரியும்.

கொல்கத்தா டிராமை எடுத்துக்கொள்வோம். 1873 பிப்ரவரி 24-ல் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை இழுத்த டிராம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நின்றும் போனது. பிறகு 1880-ல் கல்கத்தா டிராம்வே கம்பெனி உருவானது. மறுபடி குதிரை டிராம் ஓடியது. மின்சார டிராம் வந்தது 1902-ல். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் "1873 முதல் இடைவிடாமல் ஓடுகிறது" என்று ஒருவர் எழுதிவிட்டால், அந்த வாக்கியம் படிக்க நன்றாகத்தான் இருக்கும். சான்றைக் கேட்கும் முதல் கேள்விதான் அதைப் பிடிக்கும். "ஆசியாவில் இன்னும் ஓடுகிற மிகப் பழைய மின் டிராம்" என்று கொல்கத்தாவைச் சொல்வதும், "இந்தியாவின் முதல் மின் டிராம்" என்று 1895-ன் மெட்ராஸைச் சொல்வதும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மெட்ராஸ் டிராம் 1953-ல் நின்றுவிட்டதே. ஆனால் இரண்டையும் கலந்து கொல்கத்தாவையே முதல் மின் டிராம் என்று எழுதிவிடுவது எளிது.

டிராம் கட்டுரைகளுக்கு இன்னொரு சோதனையும் வைத்திருக்கிறேன்: தண்டவாள அகலம். மெல்போர்னில் 1435 மில்லிமீட்டர், லிஸ்பனில் 900, ஹாங்காங்கில் 1067, டிரெஸ்டனில் 1450, லைப்சிக்கில் 1458. டிரெஸ்டனும் லைப்சிக்கும் ஒரே மாநிலத்து நகரங்கள், ஆனால் அகலத்தில் 8 மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த எண்ணைச் சரியாகப் போட்டு, பக்கத்தில் சான்றும் வைத்திருக்கிற கட்டுரையில் மற்ற எண்களையும் கொஞ்சம் நம்பிப் படிக்கலாம்.

ஜெர்மனின் இரண்டு பதக்கங்கள், பிரெஞ்சின் நடுவழி

ஜெர்மன் விக்கிப்பீடியாவில் இந்த ஏணி கிடையாது. இரண்டே இரண்டு பட்டங்கள்: படிக்கத் தகுந்தது, மிகச் சிறந்தது. இரண்டுக்கும் கட்டுரையைப் பொதுவில் முன்மொழிந்து கருத்துக் கேட்பார்கள். மற்ற எந்தக் கட்டுரைக்கும் அடையாளம் எதுவும் இல்லை.

இதில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரோ அரை நிமிடத்தில் ஒட்டிவிட்டுப் போன 'தொடக்கநிலை' என்ற சீட்டு பத்து வருடம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்காது. பதக்கம் இருந்தால் பலர் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் ஒரு சின்னக் குழு ஐம்பது டிராம் கட்டுரைகளை மேம்படுத்த நினைத்தால் இந்த முறை உதவாது. பதக்கம் இல்லாத ஐம்பதில் எது ஒரு பத்தி, எது இன்னும் கொஞ்சம் உழைத்தால் பதக்கத்தைத் தொடும் என்று தெரியவே தெரியாது. ஐரோப்பாவில் டிராம் அதிகமாக ஓடும் நாடுகளில் ஒன்று ஜெர்மனி. அங்கே டிராம் பித்துப் பிடித்த எழுத்தாளர்கள் ஏராளம், பதக்கம் மட்டும் போதும் என்று அவர்கள் இருக்கலாம். நமக்கு ஆட்கள் குறைவு. அதனால்தான் பலகை தேவைப்படுகிறது.

பிரெஞ்சு விக்கி நடுவில் நிற்கிறது. குறுங்கட்டுரை, நல்ல தொடக்கம், பி, ஏ என்று நான்கு படிகளைப் பயனர்களே போடலாம். அதற்கு மேலுள்ள இரண்டு பட்டங்களுக்கு வாக்கெடுப்பு. முக்கியத்துவத்துக்கும் நான்கு நிலைகள். 'நல்ல தொடக்கம்' என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதியவருக்கு அது ஒரு தட்டிக்கொடுப்பு.

இயந்திரத்தின் கணிப்பு

2015-ல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஓரெஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது; இப்போது அதன் வேலையை லிஃப்ட் விங் என்ற சேவை செய்கிறது. கட்டுரையின் நீளம், மேற்கோள்களின் எண்ணிக்கை, தலைப்புகள், படங்கள், உள்ளிணைப்புகள் ஆகியவற்றைப் பார்த்து, இது எந்தப் படியில் இருக்கும் என்று கணித்துச் சொல்லும். நூற்றுக்கணக்கான கட்டுரைகளைச் சில நிமிடங்களில் சலித்துவிடலாம். மனிதர் பல வருடம் திரும்பிப் பார்க்காத குறுங்கட்டுரை எப்போதோ வளர்ந்துவிட்டதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அது உருவத்தை மட்டுமே பார்க்கும். 1873-ஐப் பற்றி மேலே சொன்ன தவறான வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு மேற்கோள் எண் இருந்தால் போதும், அதன் கணக்கில் சான்று உண்டு. மேற்கோள் காட்டிய நூலில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று அது திறந்து பார்க்காது. சலிப்பதற்கு இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம், முத்திரை குத்துவதை மனிதர் செய்யட்டும்.

தரத்தில் இன்னும் ஒன்று. டிராம் கட்டுரை சீக்கிரம் பழையதாகிவிடும். வழித்தடம் மூடும், புது வண்டி வரும், நீளம் மாறும். கொல்கத்தாவில் ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. அதற்கு முன்னால் கொடுத்த மதிப்பெண் எதுவானாலும் அன்றைக்கே ஒரு படி கீழே வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் 'பி' என்று மட்டும் இருக்கும், என்றைக்குக் கொடுத்தது என்று இருக்காது. நாம் தொடங்கும்போதே தேதியைச் சேர்த்துப் போட வேண்டும்.

முக்கியத்துவம்: யாரைக் கேட்பது?

முக்கியத்துவ நிலைகள் எப்படிப் பரவின என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆங்கில விக்கியிலிருந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து இணையத்துக்கு வெளியே கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2007-ல் சுமார் 2,000 கட்டுரைகளோடு ஒரு குறுந்தகடு வந்தது. வட்டில் இடம் குறைவு, எதை உள்ளே வைப்பது? அந்தக் கேள்விக்குப் பயன்பட்டவைதான் உச்சம், உயர்வு, நடுத்தரம், குறைவு என்ற நான்கு நிலைகள். குறுந்தகட்டின் காலம் போய்விட்டது, நிலைகள் இருக்கின்றன.

இதைத் தீர்மானிக்க ஒரு வழி, விக்கித்திட்டத்துக்காரர்களே உட்கார்ந்து சொல்வது. இன்னொரு வழி, பக்கப் பார்வைகளை எண்ணுவது. மூன்றாவது, எத்தனை கட்டுரைகள் இதற்கு இணைப்புத் தருகின்றன என்று எண்ணுவது.

இணைப்புகளை எண்ணுவது டிராமில் சுத்தமாக வேலைக்கு ஆகாது. டிராம் கட்டுரைகளின் அடியில் வழிசெலுத்தல் வார்ப்புரு ஒன்று தொங்கும். ஒரு நாட்டின் அல்லது கண்டத்தின் டிராம் அமைப்புகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அதனால் சின்ன ஊர்க் கட்டுரைக்கும் பெரிய நகரக் கட்டுரைக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை வந்து நிற்கும்.

பக்கப் பார்வை கொஞ்சம் மேல். வாசகர் எதைத் தேடுகிறார் என்று அது உண்மையாகவே சொல்கிறது. ஆனால் விபத்து நடந்த வாரத்தில் எண்ணிக்கை எகிறும், பிறகு விழும். 2016 நவம்பர் 9-ல் லண்டனின் குரோய்டனில் டிராம் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் யாரும் ரிச்மண்ட் டிராமைத் தேடப் போவதில்லை. அமெரிக்காவின் ரிச்மண்டில் 1888-ல் ஃபிராங்க் ஸ்ப்ரேக் அமைத்த மின் டிராம்தான், ஒரு நகரம் முழுவதும் மின்சாரத்தில் டிராம் ஓட்ட முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது. அங்கே 1949-லேயே டிராம் நின்றுவிட்டது. பார்வை எண்ணிக்கையில் அது அடியில் கிடக்கலாம். வரலாற்றில் அதற்கு இடம் உச்சியில்தான். பெர்லினுக்கு அருகே லிஷ்டர்ஃபெல்டில் 1881-ல் சீமென்ஸ் ஓட்டிய டிராமும் அப்படியே. இதையெல்லாம் எண்ணிக்கை சொல்லாது, துறை தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அதனால் மனிதர்கள் முடிவு செய்யும் முறையையே நான் எடுக்கிறேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: எந்த மனிதர்கள்? ஆங்கில விக்கி 2023-ல் இதற்கு நல்ல தீர்வு கண்டது. அதுவரை ஒரே கட்டுரைக்கு ரயில் திட்டம் 'சி' என்றும் நகரத் திட்டம் 'தொடக்கநிலை' என்றும் கொடுத்திருக்கும். இப்போது தரம் எல்லாருக்கும் பொது. முக்கியத்துவம் மட்டும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடலாம். எழுத்து நன்றாக இருக்கிறதா என்பது யார் பார்த்தாலும் ஒன்றுதான், யாருக்கு முக்கியம் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. மெட்ராஸ் டிராம் உலக டிராம் பட்டியலில் நடுத்தரமாக இருக்கலாம், சென்னை பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே உயர்வு. இரண்டும் சரி, இரண்டையும் பதியலாம்.

நான்கு கட்டுரைகளை வைத்துப் பார்த்தால்

மெல்போர்ன்: சுமார் 250 கிலோமீட்டர் இரட்டைத் தடம், இன்று இயங்குவதில் உலகிலேயே பெரியது. எந்த வழியில் அளந்தாலும் உச்சம். இதில் பேச ஒன்றுமில்லை.

டாட்ரா டி3: செக்கோஸ்லோவாகியாவில் 1960-லிருந்து செய்த வண்டி, மொத்தம் சுமார் 14,000. டிராம் கட்டுரை என்றால் ஊர்களின் டிராம் அமைப்புகள் மட்டும்தான் என்று நினைக்கிறவர் இதைக் குறைவில் போட்டுவிடுவார். பிராக் முதல் சோவியத் நகரங்கள் வரை கோடிக்கணக்கானவர்கள் ஏறிய வண்டி இது. என் கணக்கில் உயர்வு.

மெட்ராஸ்: 1895 மே 7-ல் தொடங்கி 1953 ஏப்ரல் 12-ல் முடிந்தது. ஆரம்பத்தில் தெருவுக்கு அடியில் இருந்த குழாய்வழியில் மின்சாரம் எடுத்தார்கள், பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். "லண்டனுக்கும் முன்பே" என்ற பெருமைப் பேச்சு இந்தக் கட்டுரையில் கட்டாயம் நுழையும். நுழையட்டும், பக்கத்தில் லண்டனின் ஆண்டும் சான்றும் இருக்க வேண்டும். பி படியின் முதல் கேள்விக்கு இங்கேதான் வேலை அதிகம்.

கொழும்பு: 1899-ல் தொடங்கி 1960-ல் முடிந்தது. உலக அளவில் குறைவு என்று எளிதாக எழுதிவிடலாம். ஆனால் 1929-ல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடந்த டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்று. இலங்கைக் கட்டுரைகளின் பார்வையில் உயர்வுக்குக் கீழே அதை வைக்க எனக்கு மனம் வராது.

தமிழுக்கு என் தேர்வு

தரத்துக்கு நான்கு படிகள் போதும்: குறுங்கட்டுரை, நல்ல தொடக்கம், பி, சிறப்பு. முதல் இரண்டுக்கும் இயந்திரக் கணிப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பி-க்கு ஆறு கேள்விகளையும் பேச்சுப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி, தேதியும் போட வேண்டும். சிறப்புக்கு ஜெர்மன் வழி: ஆலமரத்தடியில் (தமிழ் விக்கியின் பொது உரையாடல் பக்கம்) வைத்து, குறைந்தது மூன்று பேர் படித்த பிறகு. முக்கியத்துவத்தைத் திட்டத்துக்கு ஒன்றாக மனிதர்களே போடட்டும். இணைப்பு எண்ணிக்கையை மறந்துவிடலாம். பக்கப் பார்வையை ஓராண்டுச் சராசரியாக மட்டும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அப்புறம் இரண்டு மதிப்பீடுகளையும் கட்டமாகப் போட்டு, முக்கியத்துவம் உயர்வும் தரம் குறைவுமாக இருக்கும் மூலையிலிருந்து வேலையைத் தொடங்கலாம். நான் முதலில் கையிலெடுக்கப்போவது கொழும்பு. 1929-ன் வேலைநிறுத்தத்துக்கு ஒரு தனிப் பத்தி, அதற்கு இரண்டு அச்சு நூல்களின் பக்க எண்கள், அப்புறம் தடங்களின் வரைபடம் ஒன்று.