சீன மொழி படிக்கப் போகிறீர்களா? ஊர்ப் பெயரை மட்டும் நம்பி ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்

சீனாவுக்குப் போய்ச் சீன மொழி படிக்க விண்ணப்பிக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் பணம் வாங்கிய ஏஜென்ட் இப்போதும் ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார். புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். அவர் ஏமாற்றிய வழியைத் தெரிந்துகொண்டால் போதும், ஏனென்றால் அதே வழியில் ஏமாந்த வேறு நாட்டுப் பிள்ளைகளையும் அங்கே பார்த்தேன்.

நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சீனாவிலிருந்து இறங்கும் மெஷின்களைப் பொருத்த அங்கிருந்தே பொறியாளர்கள் வருவார்கள். அவர்களோடு நேராகப் பேசத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் மதிப்பைக் கண்ணால் பார்த்த பிறகுதான், சேமிப்பைப் போட்டு ஒரு வருடம் முறையாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். எந்த ஊர் என்பதிலும் தெளிவாக இருந்தேன். வகுப்பில் படிப்பதையே தெருவிலும் கேட்க வேண்டும். அதனால் வடகிழக்கே இருக்கும் ஹார்பின், கிடைக்காவிட்டால் பெய்ஜிங்.

இந்தத் தேர்வுக்குக் காரணம் உண்டு. மாண்டரின் குடும்பத்தைச் சேர்ந்த சீனாவின் பொதுமொழிக்குப் பெய்ஜிங் உச்சரிப்பே அடிப்படை. 1953இல் பொதுமொழி உச்சரிப்புக்கு மாதிரி திரட்டப் போனவர்கள், இப்போது ஹெபெய் மாகாணத்தில் இருக்கும் லுவான்பிங்குக்குப் போனார்கள். ஹார்பின், சாங்சுன் பக்கத்துப் பேச்சும் இதற்கு நெருக்கமானது. தெற்கே போகப் போக நிலைமை மாறும். குவாங்சோவில் கான்டனீஸ், ஷாங்காயில் வூ மொழி, சியாமெனில் மின்னான். இவை தனி மொழிகள் என்றே சொல்லலாம். செங்டு, சோங்சிங், குன்மிங் பக்கம் பேசுவது மாண்டரின் குடும்பம்தான், ஆனால் ஏற்ற இறக்கமே வேறு. ஓரளவு தேறியவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. ‘நீ ஹாவ்’ சொல்லப் பழகும் ஆளுக்கு இதுவே பெரிய சிக்கல்.

சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த கல்விக் கண்காட்சியில்தான் அந்த ஏஜென்டைப் பார்த்தேன். ஹார்பின் என்றதும் முகத்தைச் சுளித்தார். “அங்க மைனஸ் இருபத்தஞ்சு தம்பி, உங்களால தாங்க முடியாது. சோங்சிங் பாருங்க, பெரிய சிட்டி, நம்ம ஊரு வெயில் மாதிரி. சீன அரசு ஸ்காலர்ஷிப்ல பாதி ஃபீஸ் குறையும்.”

“அங்க பேசுறது வேற மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே சார்?”

“எல்லாம் மாண்டரின்தான் தம்பி. சைனால எந்த ஊர்ல படிச்சாலும் ஒண்ணுதான்.”

காட்டிய படங்கள் எல்லாம் உண்மையான படங்கள். ஜியாலிங் ஆற்றங்கரையில் இரவு விளக்குகளோடு ஹோங்யாதொங், அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் புகுந்து வெளியே வரும் லிசிபா ரயில். வளாகம் எங்கே என்று கேட்டேன். “சிட்டிக்குள்ளதான், மெட்ரோ இருக்கு” என்றார். வாட்ஸ்அப்பிலும் கேட்டேன், அங்கேயும் அதே பதில். அந்தச் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, புகாரோடு இணைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏமாற்றுக்கு இடம் கொடுப்பதே இதுதான். சீனாவில் நகரம் என்று எழுதியிருப்பது நாம் நினைக்கும் நகரம் அல்ல. அது ஒரு நிர்வாக எல்லை. அதற்குள் வயல், மலை, தனித்தனி ஊர்கள் எல்லாம் அடங்கும். 1997இல் மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்த சோங்சிங்கின் பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். இலங்கை முழுவதுமே 65,610தான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3.2 கோடி. யோங்சுவான், ஹெச்சுவான், ஃபூலிங் எல்லாம் முகவரியில் சோங்சிங்தான். நகர மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வான்சோவும் சோங்சிங்தான். ஆகவே, “சோங்சிங்கில் இருக்கும் பல்கலைக்கழகம்” என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அதில் பொய்யே இருக்காது. சட்டப்படி பிடிக்கவும் முடியாது. “சிட்டிக்குள்ள, மெட்ரோ இருக்கு” என்பதுதான் பொய்.

விமான நிலையத்தில் என்னை ஏற்ற வந்த வேன் விரைவுச்சாலையில் ஏறி, நகரத்தை விட்டு விலகி, சுரங்கப்பாதை சுரங்கப்பாதையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுநரிடம் முகவரியைக் காட்டினேன், தலையாட்டினார். இறங்கிய இடம் மேற்கே ஒரு மாவட்டத்தில் புதிதாகக் கட்டிய வளாகம், மையத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர். மெட்ரோ கிடையாது. அட்மிஷன் லெட்டரில் வளாகத்தின் பெயர் சீன எழுத்தில் தெளிவாக இருந்திருக்கிறது. ஏஜென்ட் எனக்கு அனுப்பிய ஸ்கேனில் அந்தக் கீழ்ப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. அசல் கைக்கு வந்ததே கிளம்பும் சமயத்தில்தான்.

உதவித்தொகையும் அப்படியே. விசாவுக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும் படிவத்தில் இரண்டு வகை உண்டு. சீன அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு ஜே.டபிள்யூ. 201. சொந்தக் காசில் படிக்கிறவர்கள் உள்ளிட்ட மற்றவர்களுக்கு ஜே.டபிள்யூ. 202. எனக்கு வந்தது 202. சீன அரசு உதவித்தொகை என்று சொல்லிப் பணம் வாங்கிய ஆள் 202ஐக் கையில் கொடுத்தால், அந்த இடத்திலேயே அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பாதியாகக் குறைத்ததாகச் சொன்ன கட்டணம், அங்கே எல்லோருக்கும் இருக்கும் கட்டணம்தான். வெளிநாட்டு மாணவர்களுக்கான காப்பீடு வருடத்துக்கு 800 யுவான், என்னிடம் வாங்கியது 2,500. ஒரு வருடத்துக்குக் குறைவான வசிப்பு அனுமதிக்குப் போலீஸ் அலுவலகத்தில் கட்டுவது 400 யுவான். அதற்கும் மூன்று மடங்கு. இதெல்லாம் போக சேவைக் கட்டணம் 85,000 ரூபாய்.

காசை விடுங்கள். நான் போனது மொழிக்காக.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பொதுமொழி பேசினார்கள், அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மொழி மட்டும் படிக்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்ததால், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் முன் ஆயத்த ஆண்டு படிக்கிறவர்களோடு எங்களையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். மொத்தம் இரண்டே நிலைகள். வந்தவுடன் தேர்வு வைத்து நிலை பிரிக்கும் வழக்கம் பெரிய பல்கலைக்கழகங்களில் உண்டு, அது இங்கே நடக்கவில்லை. எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் தேர்வில் நான்காம் நிலையைத் தாண்டினால்தான் ஆயத்த ஆண்டு மாணவர்களுக்கு மேற்படிப்பு, அதனால் பாடம் முழுக்கத் தேர்வுத்தாளைச் சுற்றியே ஓடியது. பேச்சுப் பயிற்சிக்கு என்று தனி நேரம் வாரத்தில் மிகக் குறைவு.

வகுப்பை விட்டு வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வளாக வாசலில் ஒரு அம்மா ஆரஞ்சு விற்பார். விலை கேட்டேன். நாலு யுவான் என்று சொன்னதாகப் பட்டது, நாலை எடுத்து நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி சொன்னார், எனக்கு மறுபடியும் நாலு என்றே கேட்டது. கடைசியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினார். அங்கே அதற்குப் பத்து என்று அர்த்தம். பொதுமொழியில் நாலு ‘ஸ’கரத்தில் தொடங்கும், பத்து நாக்கை மடித்துச் சொல்லும் ‘ஷ’கரத்தில் தொடங்கும். தொனியும், அதாவது ஏற்ற இறக்கமும், வேறு. சோங்சிங் பேச்சில் அந்த மடித்த ஒலியே இல்லை, இரண்டும் ‘ஸ’தான், இரண்டுமே தாழ்வில்தான் தொடங்கும். ‘ந’வும் ‘ல’வும் அப்படித்தான் ஒன்றாகிவிடும். பொதுமொழியின் நாலு தொனிகளில் சட்டென்று இறங்கும் நாலாவது தொனி அங்கே அடியிலிருந்து மேலே ஏறும். காலையில் எதை அழுத்தி அழுத்திப் பழகினோமோ, மாலையில் காது அதையே அழிக்கும்.

வெயிலும் நம்ம ஊர் வெயில் இல்லை. செப்டம்பரில் புழுக்கம் கொன்றது. 2022 ஆகஸ்டில் பெய்பெய் மாவட்டத்தில் 45 டிகிரி பதிவானது என்று பிறகு தெரிந்துகொண்டேன். டிசம்பரில் வெளியே ஏழு எட்டு டிகிரி, அறைக்குள்ளும் கிட்டத்தட்ட அதே, துணி காயாது. சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் தெற்கே அரசின் பொது வெப்பமூட்டல் கிடையாது. மைனஸில் உறையும் ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை குழாயில் வெந்நீர் ஓடி, அறை கதகதப்பாக இருக்கும். குளிர் என்று பயமுறுத்தி என்னை அனுப்பிய ஊரில்தான் குளிரில் நடுங்கினேன். அப்புறம் சாப்பாடு. சோங்சிங் ஹாட்பாட்டின் குழம்பு மாட்டுக் கொழுப்பில் காய்ச்சுவது. மாட்டிறைச்சி தொடாதவர்களும் சைவர்களும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அந்த ஊர் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்ல முடியாது. அந்த ஆரஞ்சு அம்மா அதற்கப்புறம் என்னைப் பார்த்தாலே மெதுவாக, தனக்குத் தெரிந்த பொதுமொழியில் பேசுவார். ஓரளவு தேறியபின் ஒருவர் விரும்பி அங்கே போனால் சந்தோஷமாக இருக்கலாம். என் கோபம் முழுக்க, கேட்டதற்குப் பொய் சொல்லி விற்றவர் மேல்தான்.

மாற்றிக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் லேசில் இல்லை. விசாவும் வசிப்பு அனுமதியும் ஒரு குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் பேரில்தான் வரும். பழைய இடத்தில் விலகல் சான்றும் மாற்றுக் கடிதமும் வாங்கி, புதிய இடத்தில் அனுமதி வாங்கி, புதுப் படிவத்தோடு போலீஸின் குடிவரவு அலுவலகத்தில் மாற்ற வேண்டும். வருகைப்பதிவு குறைவாக இருந்தால் எதுவும் நடக்காது. அந்தக் கடிதத்தை வாங்கித் தர ஏஜென்ட் 40,000 ரூபாய் கேட்டார். நானே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஒரு காசு வாங்காமல் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். கட்டிய கல்விக் கட்டணம் மட்டும் திரும்பவில்லை. வசந்தப் பருவத்தில் ஹார்பினுக்கு மாறினேன். அங்கே தேர்வு வைத்து, என்னை ஏறக்குறைய ஆரம்ப வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள்.

இனி விண்ணப்பிக்கிறவர்களுக்கு. மொழிப் படிப்புக்கு ஏஜென்டே தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவுக்கு நேரடியாக ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் சில நூறு யுவான்தான். மாணவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. கமிஷன் எங்கே அதிகமோ அந்த ஊரைத்தான் அவர் புகழ்வார். நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள், பதில் ‘இடியு டாட் சிஎன்’ என்று முடியும் முகவரியிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். மொழி மாணவர்களுக்கு எந்த வளாகம், எந்த மாவட்டம், போன பருவத்தில் எத்தனை நிலைகளில் வகுப்பு நடந்தது, விடுதியில் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். வளாக முகவரியைச் சீன எழுத்திலேயே வாங்கி கௌதெ அல்லது பைடு வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கூகுள் மேப்பை சீனாவில் நம்ப முடியாது.

ஏஜென்ட் வழியாகத்தான் போவீர்கள் என்றால், அட்மிஷன் லெட்டரும் விசா படிவமும் முழுப் பக்கமாக, நாலு ஓரமும் தெரிய வரும் வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். படிவத்தில் படிப்புக் காலத்தையும் பாருங்கள். 180 நாளுக்கு மேல் தங்க எக்ஸ்1 விசா வேண்டும், எக்ஸ்2 குறுகிய காலத்துக்கு மட்டும். எக்ஸ்1இல் இறங்கினால் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும், தங்குமிடத்தைப் போலீஸில் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். இதை எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

அதே ஆள் இந்த முறை குவாங்சோ என்று தலைப்பிட்டு, கான்டன் டவர் படத்தோடு நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருக்கிறார். 2014இல் குவாங்சோவின் மாவட்டங்களாக மாற்றப்பட்ட சொங்ஹுவாவும் செங்செங்கும் மையத்திலிருந்து வெகு தூரம், அந்தப் பக்கமும் கல்லூரிகள் உண்டு. நோட்டீஸில் மாவட்டத்தின் பெயர் இல்லை. யாராவது அதை நம்பி முன்பணம் கட்டியிருந்தால், உடனே பல்கலைக்கழகத்துக்கு எழுதி வளாக முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.